நீர்த்துறையிற் குதிரை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



 இக்கூட்டத்தில் யாமும் சில வார்த்தை பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது, எமக்குத் தெரிந்தது குதிரை ஒன்றே. அதனைப்பற்றிக் கேட்பார் யாவர் என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தோம். அவர் விடுவதாயில்லை. நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இப்பொழுது மலையூர்களிலும் பட்டணங்களிலும் குதிரையேற்றம் பயில்கின்றனரென்றும், அவர்தம் பெற்றோர்க்கு அதுபற்றிக் கவலையும் ஐயமும் உளவென்றும், ஆகலின் இதுவே தக்க பொருளென்றும் வற்புறுத்தினார். இன்று மண்டபத்து வாயிலில் யாம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பொழுதே தாயார் ஒருவர் எதிர்ப்பட்டு, "குதிரையை ஆற்றிலும் ஓடையிலும் இறக்கி ஓட்டப் பழக்குகிறார்களாமே, அண்ணா! அது பயமில்லையா?" என்று வினவினார். முப்பது வருஷ காலம் நீலகிரியிற் குதிரைகளைப் பழக்கியே வயிறு வளர்த்த எமக்கு, அக்கேள்வி மிகச் சரியான இடத்தில் தைத்தது. நிகழ்த்துவதற்கென்று எழுதிக் கொணர்ந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டோம். அத்தாயாருக்கு விடை கூறும் அளவிலேயே இப்பேச்சு அமைவதாக.

பயம் உண்டு, அம்மா. ஆனால் அந்தப் பயம் முதலாவது குதிரைக்கு உண்டு. மனிதனுக்குப் பெரும்பாலும் அது பின்னர்தான் வருகிறது. சிலருக்கு, வரவேண்டிய சமயத்திற் கூட வருவதில்லை. அதனைப் பற்றியே சொல்லப்போகிறோம்.

நம் நாட்டிற்குக் குதிரை அந்நியமன்று. அது நீர்வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் கடல்வழி வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. பாண்டிநாட்டுத் துறைமுகங்களில் வருஷந்தோறும் அரபு நாட்டுக் குதிரைகள் பெருந்தொகையாய் வந்திறங்கியதையும், அவற்றைப் பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பல விரைவில் மாண்டொழிந்ததையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்துள்ளார். வாங்கப் பொருள் இருந்தது. வளர்க்க அறிவு போதவில்லை என்பது அவர் கூற்றின் கருத்து. இது நமக்குச் சிறிது உறைக்கும், உறைக்கட்டும்.

நிற்க. வேட்டைச் சவாரி என்பது யாதெனில், மோப்ப நாய்களின் கூட்டம் முன்னே ஓட, குதிரைமேல் அமர்ந்தவர் பலர் வேலி, பள்ளம், ஓடை இவற்றைப் பொருட்படுத்தாது பின்தொடர்வதாம். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இது நெடுங்கால வழக்கம். நீலகிரியில் ஆங்கிலேயர் உதகமண்டலத்திற்கும் பைக்காராவிற்கும் இடைப்பட்ட வென்லாக் புல்வெளிகளில் நரியைத் துரத்தி இதனை நடத்தினர். 1891 முதல் 1896 வரை சென்னைக் கவர்னராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயரே அவ்வெளிகளுக்கு இடப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 1972இல் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக்கொண்டு நரி வேட்டையாடுதலைத் தடுக்கும் சட்டம் 2004இல் இயற்றப்பட்டு 2005இல் அமலுக்கு வந்தது. ஆகவே யாம் பழக்கிய குதிரைகள் பின்தொடர்ந்தது உயிருள்ள நரியையன்று. முன்னதாகத் தரையில் இழுத்து வைக்கப்பட்ட மணத் தடத்தையே. பிராணியைக் கொல்லாது சவாரி செய்வதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஓடை அதே ஓடைதான். நரி செத்தாலும் சாகாவிட்டாலும் அதன் ஆழம் குறைவதில்லை.

இனிக் குதிரையின் கண்ணைப்பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அதனை அறியாதார் குதிரையை நீரில் இறக்கத் தகுதியுடையரல்லர் என்பது எமது துணிபு. நிலத்தில் வாழும் பாலூட்டிகளுள் மிகப் பெரிய கண்களை உடையவற்றுள் குதிரை ஒன்று. அக்கண்கள் தலையின் இருபக்கத்தும் அமைந்திருத்தலின், கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறையச் சுற்றுமுற்றும் யாவற்றையும் அது காணும். ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது தூரமும், மூக்கிற்குக் கீழேயும், வாலுக்குப் பின்னேயும் அதற்குத் தெரியா. தன் முன்னங்கால் வைக்கப்போகும் இடத்தை நன்கு காண வேண்டுமாயின் தலையைத் தாழ்த்திச் சிறிது பக்கவாட்டிற் சாய்க்க வேண்டும். நிறங்களுள் நீலமும் மஞ்சளுமே அதற்குத் தெளிவாகும். சிவப்பையும் பச்சையையும் வேறு பிரித்தறியாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குச் சென்றால் அதன் கண் பழகுவதற்கு நம் கண்ணைவிட அதிக நேரம் ஆகும். இப்படிப்பட்ட கண்ணோடு, மரநிழலில் ஓடும், மேலே வானம் பளபளக்கும், அடி தெரியாத ஓர் ஓடையின் முன் அது வந்து நிற்கின்றது. முதுகிலோ ஒருவன்; அவன் "போ" என்கிறான். அது நிற்கின்றது. அவன் அதனைப் பிடிவாதம் என்கிறான். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பிள்ளைகளுக்குப் பழமொழி சொல்லிக்கொடுக்கும் நாமே, அப்பழமொழியின்படி நடக்கும் பிராணியை அடிக்கிறோம்.

யாமும் அடித்தவர்தாம். அதனைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்லுதல் முறையன்று.

எமக்கு முப்பது வயது நிரம்பாத காலம். செந்நிறமுள்ள பெட்டைக் குதிரை ஒன்று எம் பொறுப்பில் இருந்தது; அதனைச் செவலை என்றே அழைத்துவந்தோம். ஆறு வயது, நல்ல கால், வாயும் மென்மையானது. ஒரு நாட் காலை பதினைந்து பேர் சவாரி சென்றோம். இரண்டு குன்றுகளின் இடையே நூல்போல நீர் கசிந்தோடும் ஒரு தாழ்ந்த பள்ளம் வந்தது. மேலே பசும்புல் பாய் விரித்தாற்போல் இருந்தது. செவலை அதன் விளிம்பில் நின்று தலையைத் தாழ்த்தி, மூக்கைச் சீறி, பின்வாங்கியது. பின்னே வந்தோர் பார்த்துக்கொண்டிருந்தனர். பழக்குபவன் குதிரையே நிற்கின்றதே என்று அவர் நகைப்பரோ என்ற எண்ணம் எமக்கு வந்தது. வேறு காரணம் ஒன்றுமில்லை. சவுக்கால் இரண்டு அடி கொடுத்தோம். செவலை பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் வயிறு மட்டும் புதைந்தது.

நீலகிரியின் இத்தகைய பள்ளங்களில் பல்லாயிரம் வருஷங்களாகப் புல்லும் இலையும் மட்கிச் சேர்ந்த கரிய உளைச்சேறு உண்டு. சாண்டிநல்லாப் பகுதியில் அச்சேற்றைத் தோண்டியெடுத்து, பழங்காலத்து மழையும் குளிரும் எவ்வாறிருந்தன என்று அறிஞர் ஆராய்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு அது புதையல், குதிரைக்கோ குழி. செவலை துள்ளத் துள்ள மேலும் இறங்கியது. யாம் சேணத்தினின்றும் உருண்டு, சேற்றில் மல்லாந்து கிடந்தபடியே வயிற்றுவாரை அவிழ்த்தோம். அருகிலிருந்த தோட்டத்தார் பலகைகளும் கயிறுகளும் கொணர்ந்தனர். கழுத்திற் கயிறிட்டு இழுக்க முயன்ற ஒருவரைத் தடுத்து, முன்னங்கால்களுக்குப் பின்னே உடலைச் சுற்றிக் கயிறிடச் செய்தவர் எமது லாயத்துக் குதிரைக்காரப் பெரியவர். இரண்டு மணி நேரம் சென்றது. செவலை உயிரோடு வெளிப்பட்டது. பின்னங்கால் நரம்பு சுளுக்கி மூன்று மாதம் நொண்டியது.

நொண்டல் தீர்ந்தது, மற்றது தீரவில்லை. லாயத்து வாசலில் உள்ள சாக்கடையைக் கூட அது தாண்டமாட்டாது. வாளியிலிருந்து தரையிற் சிந்திய நீரைக் கண்டாலும் உடல் நடுங்கி வியர்க்கும். அதனைக் கண்டு நின்ற எம்மிடம் அப்பெரியவர், "தம்பி! நீர் அடித்த அடி அதன் முதுகில் விழவில்லை, தண்ணீரில் விழுந்திருக்கிறது. இனி எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் அதற்குச் சவுக்குத்தான் தெரியும்" என்றார். அவர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். ஆயினும் கிறிஸ்து பிறப்பதற்கு முன் 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஸெனபோன் என்பார் தமது குதிரையேற்ற நூலிற் கூறியதும் இதுவே: குதிரையோடு பழகும்போது கோபம் கூடாது, அஞ்சும் பொருளண்டை மெல்ல அழைத்துச் சென்று, தீங்கில்லையெனக் காட்ட வேண்டும், அடித்தால், அப்பொருளே தனக்கு வலியைத் தந்ததென்று குதிரை எண்ணி அச்சம் மிகும் என்பது அவர் கருத்து. சுமார் 2,400 வருஷங்களுக்கு முன் எழுதப்பட்டது. யாம் அதனைப் படித்தது செவலை சேற்றில் விழுந்ததற்குப் பின்னர்தான்.

செவலையை மீட்டும் நீருக்குப் பழக்க எட்டு மாதம் ஆயிற்று. புதிய குதிரைக்கு இவ்வளவு நாள் வேண்டியதில்லை, முறை ஒன்றே. ஆதலின் அதனையே இங்குக் கூறுகின்றோம். பயிலும் பிள்ளைகள் இதனைச் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டுகிறோம்.

ஆற்றங்கரையில் தொடங்குதல் பிழை. வீட்டு முற்றத்தில் தொடங்க வேண்டும். குதிரையின் குளம்புகளை நாள்தோறும் நீர்விட்டுக் கழுவும்பொழுது குளம்பிலிருந்து கணுக்கால், கணுக்காலிலிருந்து முழங்கால் என்று மெல்ல மேலேற வேண்டும். மழை பெய்தபின் பாதையில் தேங்கும் குட்டைகளைச் சுற்றிக்கொண்டு போகலாகாது. இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு குட்டையையும் சவாரி செய்பவன் தன் பாதரட்சை நனையாதிருக்கச் சுற்றிச் சுற்றி ஓட்டினால், நீரென்பது விலகிச் செல்ல வேண்டிய பொருளென்று குதிரைக்கு அவனே போதித்தவனாகின்றான். பின்பு வேட்டைச் சவாரி நாளில் அது ஓடையைக் கண்டு ஒதுங்கும்போது சினப்பதில் நியாயமில்லை.

அடுத்து ஓர் ஓடையைத் தெரிந்தெடுக்க வேண்டும். நீர் தெளிந்து, மெல்ல ஓடி, அடியில் மணலோ சிறு கூழாங்கல்லோ தெரிய வேண்டும். ஆழம் குதிரையின் கணுக்காலளவு போதும். இரு கரையும் சரிவாயிருத்தல் வேண்டும். முக்கியமாக, ஓடை அகலமாயிருக்க வேண்டும். அகலம் குறைந்தால் குதிரை அதனை மிதித்துக் கடவாமல் ஒரே தாவாகத் தாவிவிடும். அருகே கயிற்றைப் பிடித்து நிற்பவன்மேலேயே வந்து இறங்கினும் இறங்கும். எமது லாயத்தில் ஒரு பையனுக்கு அவ்வாறு தோள் இறங்கிப்போயிற்று. ஆகவே முதலிற் கையிற் பிடித்து நடத்துங்கால் குதிரைக்கு நேர் முன்னே நிற்கலாகாது. தோளருகே, ஓர் எட்டு விலகி நிற்க வேண்டும். நீண்ட கயிறு வேண்டும். அதனைக் கையிற் சுற்றிக்கொள்ளுதல் கூடவே கூடாது.

எல்லாவற்றினும் சிறந்த ஆசிரியன் மற்றொரு குதிரையே. எமது லாயத்தில் இருபது வயது கடந்த மட்டக்குதிரை ஒன்று இருந்தது. பார்ப்பதற்கு யாதொரு சிறப்புமில்லாதது. வாடகைக்குக் கூட யாரும் கேட்கமாட்டார். ஆனால் அது எந்த நீரிலும் தூங்குவதுபோல நடந்து செல்லும். பெரியவர் அதனை முன்னே நடத்தினார்; செவலையை அதன் விலாவை ஒட்டி யாம் நடத்தினோம். குதிரை கூட்டமாய் வாழும் பிராணி. தன் இனத்தது ஒன்று அமைதியாய் நிற்குமிடத்தில் தானும் நிற்கலாமென்று துணியும். முதல் நாள் செவலை நீரின் விளிம்புக்குப் பதினைந்து அடி தூரத்தில் நின்றுவிட்டது. அங்கேயே நின்றோம். மட்டக்குதிரை நீரில் நின்று தன்பாட்டில் வாலை வீசிக்கொண்டிருந்தது. அரை மணி கழித்துத் திரும்பினோம். அவ்வளவே அன்றைய பாடம்.

இங்குக் கயிறு பிடிப்பவனுக்கு ஒரு நுட்பம் உண்டு. குதிரை முன்னோக்கி அரையடி நகர்ந்தாலும், ஏன், எடையை முன்னே சாய்த்தாலுங்கூட, அந்தக் கணத்திலேயே கயிற்றைத் தளர்த்த வேண்டும். குதிரை கற்பது இழுப்பினால் அன்று. இழுப்பு நீங்குவதினாலேயே கற்கும். அது பின்வாங்கும்போது தளர்த்தினால் பின்வாங்குதலைக் கற்கும். முன்னேறும்போது தளர்த்தினால் முன்னேறுதலைக் கற்கும். பின்புறம் திரும்பி ஓடவிடுதல் கூடாது. ஆனால் நீரை நோக்கி நிற்குமாயின் எவ்வளவு நேரமாயினும் நிற்கவிட வேண்டும். தலையைத் தாழ்த்தி முகர விரும்பினால் தடையின்றி விடவேண்டும். கடிவாளத்தை இறுக்கித் தலையை மேலே தூக்கிப் பிடிப்பவன் அதன் கண்ணைக் கட்டியவனுக்கு ஒப்பாவான். ஒரு குளம்பு நீரில் நனைந்துவிட்டால் அன்றைக்கு அதுவே போதும். தட்டிக்கொடுத்துத் திரும்பிவிட வேண்டும். ஒன்று கிடைத்ததும் நான்கையும் கேட்கும் பேராசையாலேயே பல குதிரைகள் கெட்டன.

இருபத்திரண்டாம் நாள் செவலை நான்கு காலும் நனைய நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து அதற்குப் பாதியும் மட்டக்குதிரைக்குப் பாதியும் கொடுத்தார். எமக்கு மிச்சமில்லை.

நீரில் நிற்கப் பழகிய குதிரை முன்னங்காலால் நீரை அறைந்து விளையாடும். காண இனிதாயிருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. அவ்வாறு அறைவது பெரும்பாலும் படுத்துப் புரளுவதற்கு முன்னறிவிப்பு. உடனே கால்களால் அழுத்தி முன்னே நடத்திவிட வேண்டும். இல்லையேல் சேணமும் சவாரிக்காரனும் நீரில். நடை நன்கு படிந்த பிறகே துலுக்கோட்டம். முழங்காலளவு நீரிற் பாய்ச்சல் வேண்டவே வேண்டாம். நீர் காலைப் பற்றி இழுக்கும். உடல் விரைந்து முன்செல்லக் கால் பின்தங்கும். குதிரை தலைகீழாய்க் கவிழும். 1936ஆம் வருஷம் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் இது உலகறிய நிகழ்ந்தது. நாட்டுப்புறச் சவாரியில் நான்காவது தடையாகத் தடுப்பைத் தாண்டிக் குளத்தினுள் இறங்குமாறு அமைத்திருந்தனர். தேர்ந்த வீரருள் பாதிக்கு மேற்பட்டோர் அங்குக் குதிரையோடு விழுந்தனர், அல்லது குதிரையினின்றும் எறியப்பட்டனர். ஜெர்மானிய வீரர் வாங்கன்ஹைம் அக்குளத்தில் விழுந்து காறையெலும்பு முறிந்தும் மீண்டும் ஏறிச் சவாரியை முடித்தார். மறுநாள் கையைத் தூளியிற் கட்டிக்கொண்டு தாண்டற் போட்டியிலும் கலந்தார். அவருடைய அணி தங்கப் பதக்கம் பெற்றது. அவர் தீரத்தை யாவரும் புகழ்வர், யாமும் புகழ்கின்றோம். அவர் குதிரையின் பெயர் குர்ஃபூர்ஸ்ட் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகின்றோம். அதனை யாரும் கேட்டுக்கொண்டு அக்குளத்தில் இறக்கவில்லை.

சவாரி செய்பவன் அமரும் முறையும் ஒன்றுண்டு. பழங்காலத்தில் பள்ளத்தில் இறங்கும்போது பின்னே சாய்ந்து கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவர். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி காப்ரில்லி (1868 - 1907) என்பவர் இது குதிரையின் வாயையும் முதுகையும் துன்புறுத்துவதெனக் கண்டு, முன்னே சாய்ந்து, கை தளர்ந்து, குதிரையின் சமநிலையைக் குதிரைக்கே விடும் முறையைப் பரப்பினார். கரையிறங்குகையில் இம்முறையே குதிரைக்கு உதவும். ஓடும் நீரைக் குனிந்து பார்த்தால் தலை சுற்றும். எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கல்லையோ நோக்கியபடி செல்க. தலையை உயர்த்தவொட்டாமல் மார்போடு பிணைக்கும் வார் சில குதிரைகளுக்கு இடப்படுவதுண்டு. ஆழ்ந்த நீருக்கு முன் அதனை அவிழ்த்துவிட வேண்டும். இதை மறவாதீர்கள். நீந்தும் குதிரை கழுத்தை நீட்டித் தலையை மேலே வைத்தே மூச்சு விடும். அவ்வார் இருந்தால் நீந்தத் தெரிந்த குதிரையும் மூழ்கும். அங்கவடியினின்றும் காலை விடுவித்துக்கொள்க. கடிவாளத்தைப் பற்றி இழுக்காமல் பிடரிமயிரைப் பற்றுக.

ஒற்றையாய்ச் செல்லுதல் வேறு. கூட்டத்தோடு செல்லுதல் வேறு. வேட்டைச் சவாரியில் முன்னே சென்ற பத்துக் குதிரைகள் கரையை மிதித்துக் குழப்பியிருக்கும். பதினோராவது குதிரைக்கு அது வேறு கரை. முன்செல்வது எதிர்க்கரை ஏறிய பின்னரே நம் குதிரையை இறக்க வேண்டும். அது வழுக்கினால் நம்மேல் வரும். எங்கே இறங்குவதென்று ஐயமாயின், மாடுகள் எங்கே கடக்கின்றன என்று பார்க்கலாம். வென்லாக் வெளிகளில் தோடர்களின் எருமைத் தடங்களைப் போல நம்பத்தக்க வழிகாட்டி எமக்கு வேறு கிடைத்ததில்லை. எருமை வேண்டுமென்றே சேற்றை நாடுமே என்பீர்கள், உண்மை. கிடக்கும் இடம் வேறு, கடக்கும் தடம் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு பருவம் பார்த்துப் பழக வேண்டும்.

வேகமும் கூட்டமும் சேர்ந்தால் மனிதனுக்கு இரக்கமும் மறக்கும். இங்கிலாந்தில் விஸண்டைன் என்னும் ஓடை வேட்டைக்காரரிடையே பேர்போனது. நிம்ராட் என்ற புனைபெயரில் எழுதிய ஆப்பர்லி, 1832இல் வெளிவந்த கட்டுரையில் ஒரு காட்சியை வரைகிறார்: குதிரையின் கீழ் அகப்பட்டு ஓடையில் ஒருவன் கிடக்கின்றான், மூழ்கிவிடுவானே என்கிறார் ஒருவர், இருக்கலாம், ஆனால் இந்த நல்ல வேகத்தில் நின்று விசாரிக்க முடியாது என்கிறார் மற்றவர். ஆங்கிலேயர் இதனை நகைச்சுவையாகப் பல தலைமுறை சொல்லி மகிழ்ந்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. சேற்றில் மல்லாந்து கிடந்தவர்க்கு வராது.

இனி, இறங்கவே கூடாத நீர் ஒன்றுண்டு. 1869ஆம் வருஷம் பிப்ரவரி 4ஆம் தேதி, யார்க்ஷயரில் யூர் நதி பெருகி ஓடிக்கொண்டிருந்தது. துரத்தப்பட்ட நரி நதியைக் கடந்தது. நாய்கள் நீந்திக் கடந்தன. அவ்வேட்டைக் குழுவின் தலைவர் ஸர் சார்லஸ் ஸ்லிங்ஸ்பி முதலாயினோர் நியூபி என்னுமிடத்து ஓடத்தில் குதிரைகளோடு ஏறினர். ஓடம் தாங்கும் அளவிற்கு மேல் ஏறினர். நடு ஆற்றில் ஸ்லிங்ஸ்பியின் குதிரை வெருண்டு அருகிலிருந்த குதிரையை உதைத்தது. ஓடம் கவிழ்ந்தது. ஸ்லிங்ஸ்பி உட்பட ஆறு பேர் மாண்டனர். ஓடக்காரரும் அதில் அடங்குவர். குதிரைகளும் பல மாண்டன. 1854இல் பாலக்லாவாவில் பீரங்கிகளை எதிர்த்துப் பாய்ந்த குதிரைப்படையில் உயிர் தப்பிய ஸர் ஜார்ஜ் வூம்வெல் அவ்வோடத்தில் இருந்தார், இங்கும் தப்பினார். குதிரை வெருண்டதே காரணம் என்று சொல்லுவார் உண்டு. அசையும் பலகைமேல், நெருக்கமாய், பெருவெள்ளத்தின் நடுவே நிறுத்தப்பட்ட குதிரை வெருளாதிருந்தால் அன்றோ அதிசயம்! கரையில் நின்று, "நரி போனாற் போகட்டும்" என்று சொல்லும் ஒருவர் அன்று அங்கு வேண்டியிருந்தது. ஓடத்தில் ஏறியவருள் அவ்வாறு சொல்லத்தக்க அதிகாரம் ஸ்லிங்ஸ்பி ஒருவருக்கே இருந்தது.

நீர் செந்நிறமாய்க் கலங்கி, அடி தெரியாமல், மரக்கிளைகளைச் சுழற்றிக்கொண்டு வருமாயின் யாம் இறங்கமாட்டோம். எம்மிடம் பயிலும் யாரையும் இறங்கவிடவும் மாட்டோம். இதற்காக எம்மைக் கோழை என்று இகழ்ந்து வேறு லாயத்திற்குப் போனவரும் உண்டு. போகட்டும்.

கடந்த பின்னர்ச் செய்யவேண்டுவனவும் சில. நனைந்த தோல் தளரும். வயிற்றுவாரைப் பார்த்து இறுக்குக. குளம்பில் கல் சிக்கியதா என்று பார்க்க. லாயம் திரும்பியதும் கால்களை, சிறப்பாகக் குதியின் மேல் மடிப்பை, ஈரம் போகத் துடைக்காவிட்டால் தோல் வெடித்துச் சேற்றுப்புண் உண்டாகும். ஓடிக் களைத்துச் சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த நீர் படலாகாதென்று எமது இளமையிற் சொல்லித்தந்தனர். அது தவறு. 1996ஆம் வருஷத்து அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டு அவ்வூர் வெயிலைக் கருதி நடந்த ஆராய்ச்சிகள், குளிர்ந்த நீர் விட்டுச் சூட்டைத் தணிப்பதே நலமென்று காட்டின. யாமும் மாற்றிக்கொண்டோம்.

செவலையைப்பற்றிக் கேட்பீர்கள். எட்டாம் மாதத்தில் அது எல்லாரோடும் சவாரி சென்றது. ஓடைகளில் மற்றைக் குதிரைகளுக்கு முன்னோடியாயிற்று. ஒன்பது வருஷம் அவ்வாறு சென்றது. அதற்குப் பதினாறு வயதான காலத்தில், ஐப்பசி மாதத்து மழை விட்ட ஒரு மாலை, நாள்தோறும் கடக்கும் துறையின் விளிம்பில் அது நின்றுவிட்டது. தலையைத் தாழ்த்தியது, மூக்கைச் சீறியது. நீர் தெளிவாகவே இருந்தது, ஆழமும் வழக்கமானதே. பின்னே ஆறு பேர். அவருள் ஒரு பையன், பழைய எம்மைப் போன்றவன், "ஐயா, ஒரு தட்டுத் தட்டுங்கள், போய்விடும்" என்றான்.

யாம் இறங்கினோம். கைத்தடியை எடுத்து, செவலை கால்வைக்க மறுத்த இடத்திற் குத்திப் பார்த்தோம். மேலே புல்லும் ஒரு சாண் மண்ணுமே இருந்தன. கீழே மழைநீர் அரித்துக் கரையைக் குடைந்திருந்தது. தடி முழுவதும் உள்ளே போயிற்று. அப்பையன் வாய்திறவாமல் தன் குதிரையைத் திருப்பிக்கொண்டான். மூன்று மைல் சுற்றிப் பாலத்தின் வழியே லாயம் சேர்ந்தபொழுது இருட்டிவிட்டது. மற்றவர்கள் தேநீர் அருந்திவிட்டுப் போய்விட்டனர். பெரியவர் மாத்திரம் விளக்கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் செவலையின் கால்களைத் துடைத்து முடிக்கும்வரை பேசாதிருந்து, பிறகு மடியில் வெல்லம் தேடினார்.

வாயிலில் எம்மைக் கேட்ட தாயார் முன் வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றார். அவர் பிள்ளை பயிலும் லாயத்தில், குதிரை நிற்கும்போது பழக்குபவர் என்ன செய்கிறார் என்பதை ஒருநாள் சென்று பார்த்துவரும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறோம்.